பன்னிரண்டாம் திருத்தச் சீட்டு

அரசியலமைப்பின் பன்னிரண்டாவது திருத்தத்தைப் பற்றி நான் எழுதிய பதிலுக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்தது. வகுப்பிலேயே அதுதான் அதிகம். 'இத்திருத்தத்தால் குடிமக்கள் பெற்ற உரிமைகளை விளக்குக' என்பது கேள்வி. மற்றவர்கள் மனப்பாடம் செய்து எழுதினார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த உரிமை எங்கள் வீட்டு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தது. பதிலின் அடியில் பேராசிரியர் சிவப்பு மையில் 'முழுமை இல்லை' என்று எழுதியிருந்தார். முடிவுரை எழுதாததைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தவள் என் அக்கா மகள். வயது ஏழு. வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போடுவதால் அவளுக்கு மேடம் என்று பெயர்.

திருத்தத்துக்கு முன் சட்டம் இப்படி இருந்தது: தந்தை குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன். தாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையைப் பெறுவது யார் என்று சட்டத்திடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மேடத்தின் அப்பா வேறு நாட்டுக்காரர். மகள் தவழத் தொடங்கிய சமயத்தில் தம் ஊருக்கு ஒரு எட்டு போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனார். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார். அவருடைய நாடோ, தன் மண்ணில் பிறக்காத பிள்ளையைத் தனக்குத் தெரியாது என்கிறது. ஆக, மேடம் இரண்டு நாடுகளுக்கும் விருந்தாளி.

முதல் வகுப்பில் சேர்க்கக் குடியுரிமைச் சான்றிதழ் எண் கேட்கிறார்கள். பாலர் வகுப்புக்குக் கேட்பதில்லை. அதனால் பாலர் வகுப்பின் கடைசி வருடத்தையே மேடம் இரண்டு முறை படித்தாள். வகுப்பில் அவள்தான் உயரம். மற்ற குழந்தைகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவாள், மூக்கைத் துடைத்துவிடுவாள். டீச்சர் போன் பேசப் போனால் வகுப்பை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பசை பிதுங்காது, ஓரம் தூக்காது. வெட்டிய துண்டு எதுவும் வீணாகக் கூடாது, எந்தப் படத்தினுடையது என்று பார்த்து அதனிடத்தில் ஒட்ட வேண்டும் என்பது அந்த வகுப்பின் விதி. இரண்டு வருடமாக அந்த விதியை ஒருநாள்கூட மீறாத ஒரே ஆள் அவள்தான்.

திருத்தம் நிறைவேறிய மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 'தாயின் குடியுரிமை இனி பிள்ளைக்கும் உண்டு.' அக்கா அதை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். புடவை எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை படித்துக்கொள்வாள்.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறரையிலிருந்து ஊசி குத்துவாள். "ஒன்னும் இல்லை, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்வாள். அந்த அறுபது பேரில், மாதம் ஒருமுறை வருபவர் சர்க்கரை சார். குடியுரிமைப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அவருடைய நரம்பு லேசில் அகப்படாது. வேறு யார் குத்தினாலும் கை நீலம் பாரித்துவிடும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். ஆகவே நேராக அவரிடமே போனோம்.

"உங்களுக்கு இல்லாததா சிஸ்டர். ஆனா நம்ம புத்தகத்துல ஏறலையே" என்றார்.

அவர் மேஜையில் அரசியலமைப்பு இருந்தது. தலையணை கனம். ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் அதை ஒரு சீட்டாக அச்சிட்டு எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்புவார்களாம். அதைப் புத்தகத்தில் உரிய பக்கத்தில் ஒட்டி, பிரிவு அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த பிறகுதான் அந்த அலுவலகத்தில் அது சட்டம். ஒட்டுவதற்கென்று ஒரு பணியிடம் இருந்தது. அந்த ஆள் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. அதன்பின் வந்த சீட்டுகள் ஒரு உறைக்குள், உறை பீரோவுக்குள், பீரோ சாவி சர்க்கரை சாரின் இடுப்பில்.

"சீட்டு வந்திருக்கில்ல சார்?"

"வந்திருக்கு."

"அதைப் பார்த்துச் செஞ்சுடலாமே?"

"சீட்டு பார்க்கறதுக்கு இல்லை சிஸ்டர். ஒட்டறதுக்கு."

நான் செய்தித்தாளைக் காட்டினேன். "இது பேப்பர்காரன் புத்தகம் தம்பி" என்றார். போனில் காட்டினேன். "இது உங்க போன் புத்தகம். நம்ம புத்தகத்துல என்ன இருக்கோ, அதான் இந்த ஆபீஸ்ல சட்டம்." வேறு வழியில்லாமல் என் விடைத்தாளை நீட்டினேன். அதை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"எழுத்து நல்லா இருக்கு. ரெண்டு மார்க்கை ஏன் புடிச்சுக்கிட்டாரு?"

"முடிவுரை எழுதல சார்."

"எழுதியிருக்கணும் தம்பி. எதையும் கடைசி வரைக்கும் எழுதணும்."

இப்படி ஏழு முறை போனோம். பள்ளியில் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்ற நிலையில், புதன்கிழமை காலை சர்க்கரை சார் வெறும் வயிற்றோடு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். அக்கா அவர் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். ஊசியை எடுத்தாள். குத்தவில்லை. கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சிஸ்டர்?"

"நரம்பு இருக்கு சார். ஆனா எங்க புத்தகத்துல இன்னும் ஏறலை."

சர்க்கரை சார் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின்னால் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். பட்டைக்குக் கீழே கை சிவந்துகொண்டே வந்தது.

"மத்தியானம் மூணு மணிக்கு வாங்க. வரும்போது கோந்து வாங்கிட்டு வாங்க. ஆபீஸ் கோந்து காஞ்சு போச்சு" என்றார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா குத்தினாள்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மேடத்தையும் அழைத்துக்கொண்டு போனோம். கோந்துப் புட்டியை அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்பக்க அறையில், கால் ஆடும் ஒரு மேஜையில் சர்க்கரை சார் புத்தகத்தையும் உறையையும் கத்திரிக்கோலையும் வைத்தார். பன்னிரண்டை மட்டும் ஒட்ட முடியாதாம். வரிசையைத் தாண்டக் கூடாது. ஏழிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் சீட்டில் நான் பசை தடவினேன். மேடம் பார்த்தாள். "தள்ளு மாமா" என்றாள். அதற்குப் பிறகு அவள்தான் ஒட்டினாள்.

ஏழாவது திருத்தம், குடிமக்கள் கொடுக்கும் மனுவுக்கு முப்பது நாளில் பதில் பெறும் உரிமை. சர்க்கரை சார் அதைப் படித்துவிட்டு, "இது வேற வந்திருக்கா" என்று மேடத்திடம் தள்ளினார். எட்டாவது, கைது செய்யப்பட்டவர் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை. நான்கு வருடமாகக் காரணமும் பீரோவுக்குள்தான் இருந்திருக்கிறது. ஒன்பதாவது, தூய குடிநீர் பெறும் உரிமை. அதை ஒட்டி முடித்ததும் மேடம் தண்ணீர் கேட்டாள். குழாயில் வரவில்லை. தாழ்வாரக் கோடியில் ஒரு வாளி இருப்பதாகவும், கை கழுவலாம், குடிக்க வேண்டாம் என்றும் சர்க்கரை சார் சொன்னார். மேடம் ஒட்ட ஒட்ட எனக்கு உரிமைகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. ஒரே மதியத்தில் இவ்வளவு வந்தால் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குக் கவலையாகக்கூட இருந்தது.

அடுத்த நாற்காலியில் அக்கா சான்றிதழைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை சார் எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்திருந்தார், அதிகாரியின் கையெழுத்துதான் பாக்கி. அக்கா அதில் மகளின் பெயர் இருந்த இடத்தைத் தொடாமல், தாளின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள்.

பன்னிரண்டாவது சீட்டு வந்தது. ஐந்து வரி. "இதை நான் படிப்பேன்" என்றாள் மேடம். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் நான்கு வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்தாள். தந்தை அல்லது தாய் என்ற இடத்தில் அக்கா தலையை ஆட்டினாள். ஐந்தாவது வரியையும் விரல் வைத்துப் படித்தாள்:

"இத்... திருத்தம்... நடை... முறைக்கு வந்த... நாளிலும்... அதன்... பின்னரும்... பிறந்தோருக்கே... பொருந்தும்."

படித்து முடித்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். யாரும் பாராட்டவில்லை.

"என்ன சார் அர்த்தம்?" என்றாள் அக்கா.

"இதுக்கு அப்புறம் பொறக்கறவங்களுக்குத்தான் சிஸ்டர்."

"இவ பொறந்துட்டாளே சார்."

"ஆமா" என்றார் சர்க்கரை சார்.

செய்தித்தாளில் அந்த வரி இல்லை. நான் படித்த 'முக்கிய வினா-விடை'யிலும் இல்லை. முழு உரையை நான் தேடிப் படித்ததில்லை. எங்களுக்குக் கிடைத்த வெற்றி அது. வெற்றியை யார் கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்ப்பார்கள். எங்கள் பேராசிரியர் படித்திருக்கிறார். இரண்டு மதிப்பெண் எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் கையில பசை" என்று சொல்லிவிட்டு மேடம் வாளியைத் தேடிப் போனாள்.

சர்க்கரை சார் கண்ணாடியைக் கழற்றி டப்பாவுக்குள் வைத்து மூடினார். "எனக்குக் கண்ணாடி இல்லாட்டி அஞ்சாவது வரியெல்லாம் தெரியாது" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அதிகாரியைக் கூட்டிட்டு வரேன். அஞ்சு நிமிஷம் ஆகும். கத்திரிக்கோல் பத்திரம்."

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சீட்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள், யாருடைய கையையோ பிடிப்பது போல. நான் நான்காவது வரிக்குக் கீழே வெட்டினேன். வளையாமல் வந்தது. அரசியலமைப்பை மாற்ற அவையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று படித்திருக்கிறேன். அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

"கீழ போட்டுடாத" என்றாள் அக்கா.

நான் அந்தத் துண்டைக் கோந்துப் புட்டிக்கு அடியில் செருகினேன். வாயில் போட்டு விழுங்கியிருக்கலாம். தொண்டையில் சிக்கும் அளவுகூட இல்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மேடம் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்து வேலையைத் தொடர்ந்தாள். சீட்டில் பசை தடவி, மேலோரத்தைப் பொருத்தி, உள்ளங்கையால் நீவினாள். அப்போது வாசலில் செருப்புச் சத்தம். பிரிவு அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யார் இவங்க? ஆபீஸ் புத்தகத்தை வெளியாள் தொடலாமா?"

"தொடல சார், கோந்து கொண்டாந்தாங்க" என்றார் சர்க்கரை சார்.

"கோந்து கொண்டுவர மூணு பேரா?"

நானும் அக்காவும் எழுந்து வாசலுக்குப் போய் அவருக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றோம். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, வெள்ளிக்கிழமை, ஏழு முறை நடந்தது என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அங்கங்கே "ஆமா சார்" போட்டேன். அதிகாரி இளகிவிட்டார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும்.

மேஜைக்குத் திரும்பியபோது மேடம் கோந்துப் புட்டிக்கு மூடி போட்டு நகர்த்தி வைத்திருந்தாள். வேலை முடிந்த முகம்.

அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பன்னிரண்டுக்கு வந்தார். விரல் முதல் வரி, இரண்டாவது வரி என்று இறங்கியது. நான்காவது வரியில் நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இன்னொரு வரி இறங்கியது.

ஐந்தாவது வரி அதனிடத்தில் இருந்தது. வெட்டிய இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. பசை பிதுங்கவில்லை, ஓரம் தூக்கவில்லை. முத்திரை அதன்மேல் பாதியும் சட்டத்தின்மேல் பாதியுமாக விழுந்தது.

அதிகாரி சான்றிதழை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி தேதியைப் பார்த்தார். "இது பொருந்தாதே அம்மா" என்று கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார். சர்க்கரை சார் கண்ணாடி டப்பாவைத் திறந்து மூடினார்.

"யார் ஒட்டினது?" என்று கேட்டார் அதிகாரி. "நம்ம பழைய ஆளு இவ்வளவு சுத்தமா ஒட்டமாட்டான்."

"நான்தான்" என்றாள் மேடம். "ஒரு துண்டு தனியாக் கெடந்தது. நான்தான் கண்டுபுடிச்சு அதோட எடத்துல வெச்சேன்."

"சபாஷ். என்ன படிக்கிற?"

"பாலர் வகுப்பு."

"அதான் கை இவ்வளவு சுத்தம்" என்று சொல்லி அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மேடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மேடத்தின் விரல்களில் காய்ந்துபோயிருந்த கோந்தை நகத்தால் உரித்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, நான் நல்லா ஒட்டினேனா?"

"நல்லா ஒட்டினடி கண்ணு."

"ஒன்னாம் கிளாஸ்ல ஒட்டறது உண்டா?"

அக்கா அடுத்த விரலை எடுத்தாள். தோலோடு வந்துவிட்டது போல, மேடம் கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"வலிச்சுதா?"

"இல்லம்மா" என்றாள் மேடம். "எறும்பு கடிச்ச மாதிரி."

திங்கட்கிழமை மேடம் மூன்றாவது முறையாக அதே வகுப்புக்குப் போனாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம், அந்த வருடம் லேஸ் கட்டத் தெரியாத குழந்தைகள் நிறையச் சேர்ந்திருந்தார்கள். அக்கா பீரோ கதவிலிருந்த செய்தித்தாளைக் கிழிக்கவில்லை. புடவையை மட்டும் வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டாள்.

ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. குடிமக்கள் பெற்ற உரிமைகளை விளக்கி, கடைசி வரியையும் சேர்த்து எழுதினேன். பத்துக்குப் பத்து.