ஆப்காரன் தூக்கிவிட்டால்

காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுகிறவர்கள் உண்டு. ஹாலிவுட்டுக்குப் பக்கத்துப் பர்பேங்கில் நோரீன் பேட்ஜெட் எழுந்ததும் டிவியைப் போடுவாள். முப்பது வருடத்துக்கு முன் அவள் நர்ஸாக நடித்த தொடர், மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஆப்பில் இன்னும் இருக்கிறதா என்று தேடுவாள். இருந்தால் போதும், அணைத்துவிட்டுக் காபி போடப் போய்விடுவாள்.

முன்பெல்லாம் எந்தச் சேனல் அதைத் திரும்பப் போட்டாலும் அவளுக்குப் பங்கு வரும். இப்போது ஊரே பார்த்தாலும், ஒரு ஈ காக்கை பார்க்காவிட்டாலும், ஆப்காரன் தருவது ஒரே தொகைதான். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் அந்தப் பொரியையும் சேர்த்தால்தான் அவள் வருட வருமானம் நடிகர் சங்கத்தின் வரம்பைத் தொடும். தொட்டால்தான் இன்சூரன்ஸ். கணவன் வால்ட்டின் ரத்தப் புற்றுநோய் மாத்திரைகள் அந்த இன்சூரன்ஸில்தான் வருகின்றன. ஆப்காரன் நினைத்த நாளில் தொடரைத் தூக்கிவிடலாம், அவளைக் கேட்க வேண்டியதில்லை.

அன்று தேடினாள், தொடரைக் காணோம். மறுபடி தேடினாள்.

"வால்ட்! தூக்கிட்டாங்க!"

வால்ட் திருட்டு முழி முழித்தான். "அது... நான்தான் மலிவு பிளானுக்கு மாத்தினேன். மாசம் எட்டு டாலர் மிச்சம். அதுல பழைய தொடர் சிலது வராதாம்."

"அறிவிருக்கா உனக்கு? என் உயிரே போயிருச்சு!"

திட்டினாளே தவிர, பயம் விடவில்லை. கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று பக்கத்து வீட்டு அராக்ஸியிடம் ஓடினாள். அவளிடம் பெரிய பிளான் இருந்தது.

"என்னடி, பேயடிச்ச மாதிரி வர்ற?" என்றபடியே அராக்ஸி தேடிக் கொடுத்தாள்.

இருந்தது. வெள்ளைத் தொப்பியில் இளம் நோரீன் சிரித்துக்கொண்டிருந்தாள். நோரீன் சோபாவில் சரிந்து அழுதேவிட்டாள்.

"ஐயே, உன் மூஞ்சிய பார்த்து நீயே அழுறியா?" அராக்ஸி சிரித்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே போனாள். "கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே. 'முப்பத்தொண்ணாம் தேதி வரை மட்டும்.' கவலைப்படாத, அதுக்குள்ள நான் முழுசும் பார்த்துடுவேன்."

நோரீன் எழுந்து போய் அந்தப் பொடி எழுத்தைத் தானே ஒருமுறை படித்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த வால்ட், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருக்கா?"

"இந்த மாசம் இருக்கு," என்றாள் நோரீன்.