நாலாம் தாளுக்குப் பிறகு

சாரங்காவின் புள்ளிகளை அவளைவிடக் கவனமாக வைத்திருந்தவர் அவளுடைய அப்பா ஐயாத்துரை. பூநகரியில் அவர்களுடைய வீட்டுக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதன் சனிக்கிழமைக் கட்டங்களில் நீல மையில் ஆறு இலக்கங்கள் இருந்தன: 50, 54, 52, 66, 70, 74. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு மகள் செய்து பார்த்த பயிற்சித் தாள்களின் புள்ளிகள் அவை. பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்பது அவருக்கு விளங்காது. இலக்கம் ஏறுவது விளங்கும்.

"போன போகம் ஏக்கருக்கு இருவது மூட்டை, இந்தப் போகம் முப்பது எண்டால் என்ன அர்த்தம்? நிலம் பண்பட்டிட்டுது எண்டு அர்த்தம்," என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். வராதவர்களுக்கு, விவசாயிகள் வந்துபோகும் கமநல சேவை நிலையத்துக்குப் போய்ச் சொன்னார்.

அந்த இலக்கங்களை நம்பித்தான் வீட்டில் ஒரு முடிவும் எடுத்திருந்தார்கள். சாரங்காவுக்கு அரசாங்கத்தில் எழுதுவினைஞர் நியமனம் வந்திருந்தது. நிரந்தர வேலை, நாட்டின் மறுகோடியில், மொனராகலையில். வருகிற ஒன்றாந் திகதி கடமை ஏற்க வேண்டும். முதல் மூன்று வருடம் படிப்புக்கு லீவு கிடையாது. ஏற்கிறாளா இல்லையா என்பதைத் திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு முன் கிளிநொச்சிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"கையிலை வந்த வேலையை விடுறதோ?" என்று அம்மா இராசேஸ்வரி இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தா.

"எழுபது எடுக்கிற பிள்ளையை மொனராகலைக்கு அனுப்பிப் பைல் அடுக்க விடுறதோ?" என்றார் ஐயாத்துரை. அத்தோடு கதை முடிந்தது. நியமனத்தை ஏற்க முடியாதிருப்பதற்கு வருந்துவதாகச் சாரங்கா மூன்று தரம் எழுதி, மூன்றாவதில் கையெழுத்து வைத்தாள். கடிதம் அப்பாவின் உர மானியப் பத்திரங்களோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

அவர்கள் ஆறு பேர் சனிக்கிழமைகளில் கிளிநொச்சியில் ஒரு ரியூசன் கொட்டிலில் கூடிப் படித்தார்கள். நெளுக்குளத்தில் யாரோ தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய பயிற்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் பத்துத் தாள்கள். தாளுக்கு ஐம்பது கேள்வி. கிழமைக்கு ஒரு தாள். புத்தகம் ஒன்றே என்பதால் ஆளுக்கொரு நாள் வைத்திருந்து, பென்சிலால் விடையைச் சுற்றி வட்டமிட்டு, விடைகளைக் கொப்பியில் பதிந்துகொண்டு, அழிறப்பரால் சுத்தமாக அழித்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கொப்பியில் மட்டும் எழுதினால் போதாதா என்று சாரங்கா ஒருமுறை கேட்டிருக்கிறாள். குழுவுக்குப் பெரியவனான கிருசாந்தன் சம்மதிக்கவில்லை. தாளிலேயே கீறிப் பழகினால்தான் கைக்கு வேகம் வரும் என்பது அவனுடைய பிடிவாதம்.

முதல் மூன்று தாள்களும் முதலில் சாரங்காவிடம்தான் போயின. மூன்றாங் கிழமை பூநகரி பஸ் வராமல் புத்தகம் இரண்டு நாள் அங்கேயே நின்றுவிட்டது. எல்லாருடைய முறையும் குழம்பியது. அதற்குப் பிறகு கிருசாந்தன் முதல் ஆள், சாரங்கா கடைசி ஆள் என்று மாற்றினார்கள். அவளுக்கு முந்தின ஆள் லக்சிகா.

நாலாம் தாளிலிருந்து சாரங்காவின் புள்ளி ஏறியது. எப்படி என்று கேட்டார்கள். "தெரியாத கேள்வியிலை மினக்கெடாதேங்கோ. முதல் மனசுக்குப் படுறதைக் கீறிப்போட்டுப் போங்கோ," என்றாள். கிருசாந்தன் அதற்கு 'சாரங்கா முறை' என்று பெயரே வைத்தான்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை ஆறாம் தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் முப்பத்தோராம் கேள்வி வந்தது. ஒரு மாதத்தில் மூன்றாவது திங்கட்கிழமை பத்தொன்பதாந் திகதி என்றால் முதலாவது திங்கள் எத்தனையாந் திகதி? ஐந்து. சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் இரண்டு பேர் பன்னிரண்டு என்று கீறியிருந்தார்கள்: கிருசாந்தனும் சாரங்காவும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மூளை," என்றாள் லக்சிகா. "எப்ப கலியாணம்? எங்களுக்கும் சொல்லுங்கோ."

கொட்டில் சிரித்தது. "நான் அவசரத்திலை ரெண்டாவது திங்கள் எண்டு வாசிச்சிட்டன்," என்றான் கிருசாந்தன். "நீ என்னெண்டு வாசிச்சனீ?"

சாரங்கா கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் அந்தக் கேள்வியைச் சரியாகத்தான் வாசித்திருந்தாள். முடிவு நேரம் நெருங்க, கணக்குப் பார்க்காமல் மனசுக்குப் பட்டதைக் கீறியிருந்தாள். பன்னிரண்டு ஏன் மனசுக்குப் பட்டது?

அடுத்த சனி கிருசாந்தனின் தங்கைக்குக் கலியாணம் என்பதால் கூட்டம் இல்லை. ஏழாம் தாளைப் பிறகு பார்ப்போம் என்று புத்தகத்தைச் சாரங்காவே கொண்டுபோனாள். பஸ்ஸில் இருந்தபடி, திருத்தும்போது குறித்த இரண்டு பேருடைய விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறாம் தாளில் அவளுக்குப் பதின்மூன்று பிழை, கிருசாந்தனுக்குப் பதினொன்று. அவனுடைய பதினொரு பிழையில் ஒன்பது அவளிடமும் இருந்தது. அதே கேள்வி, அதே பிழையான விடை.

ஞாயிறு காலை முற்றத்தில் நெல் காயவிட்டிருந்தார்கள். சாரங்கா புத்தகத்தைக் கொண்டுபோய் வெயிலில் சரித்துப் பிடித்தாள். அழிறப்பர் பென்சில் கரியை எடுத்திருந்ததே தவிர, பள்ளத்தை எடுக்கவில்லை. கிருசாந்தன் எழுத்தாணியால் எழுதுகிற மாதிரி அழுத்தி எழுதுகிறவன். அவனுடைய வட்டங்கள் தாளில் அப்படியே பதிந்து கிடந்தன. அவற்றின் மேல் மற்றவர்களின் வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. முப்பத்தோராம் கேள்வியில் பன்னிரண்டைச் சுற்றி நகம் வைத்தால் இடறியது. ஐந்தாம் தாளும் அப்படி. நாலாம் தாளும் அப்படி. முதல் மூன்றிலும் பள்ளம் இருந்தது, ஆனால் அவை அவள் செய்து முடித்த பிறகு விழுந்தவை.

ஏழு தொடக்கம் பத்து வரை யாருடைய கையும் படாத தாள்கள். முந்திக்கொண்டு ஒருவரும் செய்யக்கூடாது என்பது குழுவின் சட்டம். சாரங்கா அதை மீறினாள். அப்பாவின் போனில் நேரம் வைத்து, எட்டாம் தாளை எடுத்து, விடைகளைக் கொப்பியில் மட்டும் எழுதினாள். திருத்தினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இருபத்தொன்பது சரி. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

லக்சிகாவுக்குப் போன் எடுத்தாள்.

"எடி லக்சி, நாலாம் தாளிலையிருந்து கிருசாந்தண்ணாவின்ரை அச்சு அப்பிடியே கிடக்குதடி. அதுதான் எங்களுக்கு ஏறியிருக்கு. புத்தகம் என்னட்டைக் கிடக்கு, படம் எடுத்து அனுப்பிறன் பார்."

அந்தப் பக்கம் லக்சிகா தண்ணீர் மோட்டரை நிறுத்தினாள்.

"படம் வேண்டாம். எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"நாலாம் தாளிலேயே. நீயும் தெரிஞ்சுதான் செய்யிறாய் எண்டு நினைச்சனான். கடைசி ஆள் நீ, ஐஞ்சு பேரின்ரை அச்சு உனக்கு. எங்களெல்லாரையும் விட உனக்கெல்லோ விருந்து."

"பகிடி விடாதை."

"பகிடியில்லையடி. எழுபது எண்டு வீட்டிலை காட்டினால்தான் கனடா மாப்பிள்ளைக் கதையைப் பரீட்சை முடியுமட்டும் தள்ளி வைப்பினம். அம்பது எண்டு போய்ச் சொன்னால் அடுத்த கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. எனக்கு அந்த எழுபது வேணும். நீ மற்றவைக்கு இப்ப சொல்லிப்போடாதை, என்ன?" பிறகு கேட்டாள்: "நீ என்னத்துக்கடி செய்தனீ?"

"எனக்குத் தெரியாது, லக்சி."

"தெரியாதோ?" என்றாள் லக்சிகா. நம்பாத குரல் இல்லை அது. உண்மையாகவே கேட்ட குரல்.

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றி, சத்தியம் வாங்கி, தெரியுமா தெரியாதா என்று ஒரே சொல்லில் கேட்டால் என்ன சொல்லுவாள்? கண்ணால் பார்க்கவில்லை. அது உண்மை. ஆனால் ஐந்தாம் தாளில் ஒரு இடத்தில் பென்சில் முனை இரண்டாம் விடைக்குப் பக்கத்தில் சின்ன வாய்க்காலில் சைக்கிள் சில்லு விழுகிற மாதிரி விழுந்தது நினைவில் இருந்தது. விழுந்ததைத் தூக்கவில்லை. ஏன் விழுந்தது என்று குனிந்து பார்க்கவுமில்லை. நியமனக் கடிதம் வந்ததும் அந்தக் கிழமையில்தான்.

பின்னேரம் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள். மறைக்காமல், வரிசையாக, புத்தகத்தை வெயிலுக்குச் சரித்துக் காட்டிச் சொன்னாள். அவர் கண்ணாடி எடுத்துவந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப எழுபத்தினாலு ஆற்றை?"

"கிருசாந்தண்ணாவின்ரை."

"அவன் எத்தினை எடுத்தவன்?"

"எழுபத்தெட்டு."

"அதிலையும் நாலு குறைச்சிருக்கிறாய்," என்றார். சிரிக்கவில்லை. "கமநல சேவையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் பிள்ளை."

"நான் சொல்லச் சொல்லேல்லையே, அப்பா."

"சொல்ல வேண்டாமெண்டும் சொல்லேல்லை."

அது சரிதான். அம்மா குசினி வாசலில் கையில் சுளகோடு நின்றா. 'பார்த்தியளே' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சுளகில் இருந்த அரிசியைப் புடைக்கத் தொடங்கினா.

"இந்த அம்பத்தெட்டு என்ன சொல்லுது?" என்று ஐயாத்துரை கேட்டார். "வடிவாய்ச் சொல்லு. எனக்கு ஏத்தி இறக்காமல் சொல்லு."

"ஆறு கிழமை படிச்சு, அம்பதிலையிருந்து எட்டு கூடியிருக்கு. பரீட்சைக்கு ஆறு கிழமை கிடக்கு. அதே மாதிரி கூடினால் அறுபத்தாறு, அறுபத்தேழு. போன முறை எங்கடை பக்கத்திலையிருந்து எடுபட்ட ரெண்டு பேரும் வீட்டிலை எழுபதுக்கு மேலை எடுத்தவை."

"அப்ப காணாது."

"காணாது."

"ஒரு வருசம் இருந்து படிச்சால்?"

"தெரியாது, அப்பா. உண்மையாத் தெரியாது." அந்தச் சொல்லைச் சொல்லும்போது, லக்சிகாவிடம் சொன்னதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது.

ஐயாத்துரை கைகழுவிவிட்டு உள்ளே போனார். பிளாஸ்டிக் உறையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கிழிக்கவும் இல்லை, இதைக் கொடு என்று சொல்லவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார்.

சாரங்கா நாலாவது கடிதத்தை எழுதினாள். நியமனத்தை நன்றியுடன் ஏற்றுக்கொள்வதாகவும் குறித்த திகதியில் கடமைக்குச் சமூகமளிப்பதாகவும் இரண்டே வசனம். பிறகு குழுவுக்கு ஒரு கடிதம். நாலு, ஐந்து, ஆறு ஆகிய தாள்களில் அச்சு விழுந்திருக்கிறது, அவற்றில் நான் எடுத்த புள்ளிகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம், 'சாரங்கா முறை' என்று ஒன்று இல்லை. எட்டாம் தாளை நான் முந்திச் செய்துவிட்டேன், கொப்பியில்தான் எழுதினேன், தாள் சுத்தமாக இருக்கிறது. மிச்சத் தாள்களைத் தயவுசெய்து எல்லாரும் கொப்பியிலேயே செய்யுங்கள். லக்சிகாவின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் இனி அவளுடைய எழுபது நிற்காது என்பது தெரியும். இருந்தும் அந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை விடிய, தேத்தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனபோது நாட்காட்டியைப் பார்த்தாள். பழைய இலக்கங்கள் வெட்டப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள் அப்பா சின்னதாக 58 என்று எழுதியிருந்தார்.

முதல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனாள். புத்தகத்தைக் கிருசாந்தன் வீட்டில், கலியாணப் பந்தல் போடுகிறவர்களைத் தாண்டிப் போய், அவனுடைய அம்மாவின் கையில் கொடுத்தாள். பத்து மணிக்குக் கச்சேரியில் நின்றாள். கடிதத்தை வாங்கிய உத்தியோகத்தர் பூநகரிக்காரர். அவளுடைய முகம் தெரிந்தவர்.

"ஐயாத்துரையண்ணையின்ரை மகளெல்லோ? நீர் லோயருக்குப் படிக்கிறீர், வேலை வேண்டாமாம் எண்டல்லோ ஊரெல்லாம் கதை?"

"ஓம். படிச்சனான்."

"பிறகென்ன? புள்ளி குறைஞ்சு போச்சோ?"

"குறையேல்லை, அண்ணை. என்ரை புள்ளி அம்பத்தெட்டுத்தான். நேற்றுத்தான் பாத்தனான்."

அவருக்கு விளங்கவில்லை. திகதி முத்திரையைக் கடிதத்தில் குத்தி, பிரதியை அவளிடம் நீட்டி, "ஒன்றாந் திகதி எட்டு மணிக்கு அங்கை நிக்கவேணும் பிள்ளை. முதல் நாள் இரவே போய்ச் சேரும்," என்றார்.