நத்தாருக்கு அப்பா சாப்பிட வருகிறார்

என் மகள் யதுர்ஷிகாவுக்கு ஆறு வயது. போனில் கை வைக்காதே என்று எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாது. யேசு பிறந்த நாளான நத்தாருக்கு ஒரு கிழமை இருக்கும்போது, நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற நேரம் பார்த்து, வட்டக்கச்சியில் இருக்கிற என் அப்பாவுக்கு எடுத்து, “அம்மப்பா, நத்தாருக்கு எங்கட வீட்ட சாப்பிட வாங்கோ” என்று கேட்டிருக்கிறாள். அவரும், “ஓம் குஞ்சு, எல்லாரும் வாறம்” என்று சொல்லிவிட்டார். பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடி வந்து சொன்னபோது என் கையிலிருந்த சவர்க்காரம் வழுக்கி வாய்க்காலுக்குள் போய்விட்டது.

வேறு யாரும் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்கு அப்படியில்லை. ஏனென்றால் என் அப்பா பரமலிங்கம் எங்கள் வீட்டில் ஒருநாளும் கை நனைத்ததில்லை.

காரணத்தை மூடி மறைக்க என்ன இருக்கிறது? அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுத் தண்ணீரை நம்பி வந்து வயல் செய்தவர்கள். என் கணவர் விஜிதரனின் ஆட்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் அடி வாங்கி, உயிர் தப்பி வந்தவர்கள். இரண்டு பகுதியும் வன்னிக்கு வந்து குடியேறிய சனம்தான். சண்டைக்குள் ஒரே பங்கருக்குள் கிடந்து, பிறகு ஒரே முகாமில் ஒரே வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்ததுதான். ஆனாலும் தோட்டக்காட்டுச் சனம், குறைந்த சாதி என்று அப்பா இவர்களின் கையால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நாங்கள் விரும்பிக் கலியாணம் கட்டியபோது கதை பேச்சை நிறுத்திவிட்டார். யதுர்ஷிகா பிறந்த பிறகுதான் ஜெயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினார். வரும்போதெல்லாம், “இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்” என்பார். அம்மா சுடுதண்ணிப் போத்தலில் வீட்டுத் தேத்தண்ணியை ஊற்றிக் கொண்டுவருவா.

அதைக்கூடப் பொறுப்பேன். சுமித்திரா மச்சாளின் சோடாதான் என்னைக் கொல்லும். மச்சாள் என் கணவரின் அக்கா. தாய் இல்லாத அவரை வளர்த்து ஆளாக்கியவ. கலியாணம் கட்டவில்லை, எங்களோடுதான் இருக்கிறா. என் இரண்டு பிள்ளைகளும் அவவின் மடியில்தான் வளர்ந்தன. அப்பா வருகிறார் என்றால் கடைக்குப் போய், மூடி உடைக்காத சோடா வாங்கி வந்து, அவருக்கு முன்னால் வைத்து, ஓப்பனரையும் பக்கத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பா. மூடி உடைக்காத போத்தலுக்குத் தீட்டில்லைத்தானே! அப்பா தானே உடைத்து அண்ணாந்து குடிப்பார். “நல்ல மனுசி” என்று பிறகு என்னிடம் சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஊரெல்லாம் சண்டை பிடிக்கிற என் வாய், அப்பாவுக்கு முன்னால் மட்டும் ஒட்டிப்போய்விடும்.

போன முறை அவர்கள் போன பிறகு யதுர்ஷிகா கேட்டாள். “அம்மா, அம்மப்பா ஏன் எங்கட வீட்டில மட்டும் சாப்பிடாதவர்? மாமா வீட்டில சாப்பிடுறவர்தானே?”

மச்சாள் பக்கத்திலிருந்து பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தா. “அவருக்குச் சோடாதான் விருப்பம்” என்றேன். அந்தப் பொய் ஒருமுறைதான் செல்லும். நத்தார் அன்று, இவள் ஆசையாய்க் கூப்பிட்டும் அவர் சாப்பிடாமல் போனால், துருவித் துருவிக் கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். தன்னைத் தூக்கி வளர்த்த அத்தை ஏதோ குறைந்தவ என்று என் பிள்ளையின் தலைக்குள் போய்விடும். அதை நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை. எப்படியாவது அப்பா அன்றைக்குச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து என் அம்மா சிவனேஸ்வரி போன் எடுத்தா.

“பிள்ளை, திருவெம்பாவை நடக்குது. அப்பா மச்ச மாமிசம் தொடமாட்டார்.”

“தெரியும் அம்மா. மரக்கறிதான்.”

“அது சரி…” அம்மா குரலைத் தாழ்த்தினா. “ஆர் சமைக்கிறது?”

‘எல்லாரும் சேர்ந்துதான்’ என்று சொல்லியிருக்கலாம். ‘உங்களுக்கென்ன அந்த விண்ணாணம்?’ என்றும் கேட்டிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “நான்தான் அம்மா. நான் மட்டும்தான்.”

“சட்டி பானை?”

“புதுசு வாங்கிறன்.”

“அப்பிடியெண்டா அப்பாட்டச் சொல்லிவிடுறன். சாப்பிடுவார்.”

போனை வைத்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சாப்பிடுவாராம்!

அடுத்த நாளே கிளிநொச்சிக்குப் போய்ச் சட்டி, பானை, கோப்பை, தண்ணீர்ப் பேணி எல்லாம் வாங்கி வந்தேன். மச்சாள் ஒரு சட்டியைத் தூக்கித் தட்டிப் பார்த்து, “என்னா மேனு, நம்ம வீட்டுல கலியாணமா? யாருக்கு, எனக்கா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தா. நத்தாருக்குத்தான் மச்சாள் என்றேன். அவவுக்கு அப்போது ஒரு சந்தேகமும் இல்லை. நத்தார் என்றால் அவவுக்கு விசர் மாதிரி. சவுக்கு மரக் கொப்பு நட்டு, பலூன் கட்டி, வயலில் வைக்கோல் அள்ளி வந்து குடில் கட்டி முடித்திருந்தா. என் மூன்று வயது மகன் நிருஷன் அழுத அழுகையில் அவனுடைய டைனோசரையும் மாடுகளுக்குப் பக்கத்தில் நிற்க விட்டிருந்தா. முறுக்கும் பயித்தம் பணியாரமும் சுட்டு, பெரிய டின்னில் அடைத்துத் தயாராக வைத்திருந்தா.

நத்தார்ச் சமையல் எப்போதும் அவவின் ராச்சியம். அந்த மனுசியைக் குசினியை விட்டு எப்படி எழுப்புவது? நாள் நெருங்க நெருங்க எனக்குத் தலை வெடித்தது. கடைசியில் நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம்தான் வாய் வந்தது.

“மச்சாள், நாளைக்கு நீங்கள் ஆறுதலா இருங்கோ. சமையலை நான் பாக்கிறன்.”

“ஏன் புள்ள, என் கை உளுந்திருச்சா?”

“இல்லை… அப்பாவுக்கு நானே எல்லாம் சமைச்சுக் குடுக்க ஆசை. மரக்கறி வெட்டிறதும் நான், தண்ணி அள்ளுறதும் நான்.”

மச்சாள் என்னைப் பார்த்தா. பிறகு, தட்டில் கழுவிக் கவிழ்த்திருந்த புதுச் சட்டிகளைப் பார்த்தா. “சரி புள்ள” என்றா. எதையும் மூன்று தரம் வாதாடாமல் விடாத மனுசி, ஒரே சொல்லில் எழும்பிப் போய்விட்டா.

என் கணவர் மட்டும் சும்மா விடவில்லை. “உனக்கென்ன விசரோ? அக்கா கை வைக்காம இந்த வீட்டில நத்தாரோ?”

“ஒரே ஒரு நாள். பிள்ளைக்காகத்தானே செய்யிறன்!”

“பிள்ளைக்காக? நல்ல கதை” என்றவர் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நத்தார் காலையில் மற்ற எல்லோரும் தேவாலயப் பூசைக்குப் போனார்கள். நான் குசினியைக் கழுவினேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், அடுப்பை உரஞ்சினேன். செய்யும்போதே என் மீது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. மச்சாளின் முறுக்கு டின்னைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கடை முறுக்கைப் புதுத் தட்டில் கொட்டினேன். ‘பிறகு சொல்லிச் சமாளிக்கலாம், முதலில் அவர் சாப்பிடட்டும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூசை முடிந்து வந்த யதுர்ஷிகா சிவப்புச் சட்டையோடு குசினி வாசலில் வந்து நின்றாள். “அத்தையின்ட முறுக்கு எங்க?”

“பிறகு தாறன்.”

“அத்தை ஏன் உள்ளுக்கு வரேல்ல? ஏன் வெளியில இருக்கிறா?”

கத்தரிக்காய் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அப்பா ஆட்களின் வான் வருகிற நேரம் ஆகிவிட்டது. நான் நிமிர்ந்தும் பார்க்காமல் வெடித்தேன். “அம்மப்பா சாப்பிடோணும் எண்டா அத்தை ஒண்டையும் தொடக்கூடாது! விளங்குதே? நச்சரிக்காமப் போ அங்கால!”

அவள் போய்விட்டாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைக்கவில்லை. கத்தரிக்காயைத்தான் பிரட்டிக்கொண்டிருந்தேன்.

மழைக்குள் வான் வந்து நின்றது. அப்பா, அம்மா, தம்பி கோகுலன், அவன் மனுசி, பிள்ளைகள் இரண்டு பேர். அந்தப் பிள்ளைகள் செருப்பையும் கழற்றாமல் குடிலடிக்கு ஓடி, டைனோசரைக் கண்டு கூச்சல் போட்டு, மச்சாள் கையால் கேக் வாங்கி வாய் நிறைய அடைத்துக்கொண்டார்கள். தம்பியின் மனுசி அதைக் காணாத மாதிரி மறுபக்கம் திரும்பினாள். அப்பா வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொஞ்சினார். பிறகு வழக்கம்போல மேசையில் சோடாவைத் தேடினார். சோடா இல்லை. மச்சாள் விறாந்தை மூலையில் பிளாஸ்டிக் கதிரையில், புதுச் சேலையோடு, மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தா. தன் வீட்டில் தானே விருந்தாளி மாதிரி இருந்தா.

“சாப்பிடுவமோ அப்பா?” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினா. “ஓம், போடு பிள்ளை” என்றார்.

கடவுளே! புதுக் கோப்பையில் சோறு போட்டேன், பருப்பு விட்டேன், கத்தரிக்காய் வைத்தேன். வைத்த அவசரத்தில் அப்பளம் நொறுங்கியது. அவர் பிசைந்தார். முதல் பிடியை வாயில் வைத்தார். மென்றார். “கத்தரிக்காய் நல்லாயிருக்கு” என்றார். அப்படியே சுவரோடு சாய்ந்துகொண்டு மகளைத் தேடினேன். பார் பிள்ளை, பார், உன் அம்மப்பா எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

யதுர்ஷிகா ஏற்கெனவே அவருக்குப் பக்கத்தில் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பது மாதிரிச் சொன்னாள்:

“பயப்பிடாமச் சாப்பிடுங்கோ அம்மப்பா. அத்தை ஒண்டும் தொடேல்ல. அம்மா தொட விடேல்ல.”

எல்லோருடைய கையும் நின்றது. விஜிதரன் எழும்பி மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். தம்பி கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். அம்மா, “ரசம் எங்க பிள்ளை?” என்று எதையோ கேட்டா. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இடது கையால் பிள்ளையின் தலையைத் தடவி, “என்ட கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு அடுத்த பிடியைப் பிசைந்தார். பிள்ளையின் முகம் பூரித்துப் போனது.

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நாசமாய்ப் போன என் வாய் திறக்கவில்லை.

விறாந்தையில் மச்சாளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் பழைய கோப்பையில் போட்டு வைத்திருந்த சோற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாள் மத்தியானமும் செய்கிற மாதிரிப் படியில் குந்திப் பிசைந்தா. “வாங்க, வாங்க, யாரு பெரிய வாய்?” என்று கூப்பிட்டா. நிருஷன் ஓடிப்போய் வாயைத் திறந்தான். யதுர்ஷிகாவும் வழக்கம்போல ஓடிப் போனாள். கிட்டப் போனவள் நின்றாள். ஒரு அடி பின்னால் வைத்து, வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, அத்தை தொட்டதை நான் சாப்பிடலாமோ?”

அவளுக்குப் பதில் சொல்ல முதல் நான் உள்ளே அப்பா இருக்கிற பக்கம் பார்த்தேன். ஒரு கணம்தான். ஆனால் பார்த்தேன். பிள்ளையும் அதைக் கண்டாள். மச்சாளும் கண்டா.

“சாப்பிடலாம்! இதென்ன கேள்வி?” என்று கத்தினேன். மழை நனைத்த படியில் போய் மச்சாளுக்கு முன்னால் இருந்தேன். “முதல் எனக்குத் தாங்கோ மச்சாள். இவளுக்கு முன்னால எனக்குத் தாங்கோ.” அம்மா வாசலுக்கு வந்துவிட்டா. வரட்டும். இரண்டு பிள்ளை பெற்ற நான், எல்லோரும் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.

மச்சாளின் விரல்களில் சோற்றுருண்டை இருந்தது. அவவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். உருண்டையைத் திரும்பக் கோப்பையில் வைத்தா. கோப்பையை என் மடியில் வைத்தா.

“வேணாம் மேனு. ஒங்கப்பா இன்னும் சாப்பிட்டு முடிக்கல்ல. பாத்தார்னா எழும்பிப் போயிடுவாரு. புள்ள பசியோட நிக்குது, நீயே குடு.”

கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனா. நிருஷன் “அத்தை, அத்தை” என்று பின்னால் ஓடினான். யதுர்ஷிகா போகவில்லை. என்னோடு ஒட்டிக்கொண்டு இருந்து, இப்போது ஒரு பயமும் இல்லாமல், என் கைக்கு நேரே வாயை ஆவென்று திறந்தாள்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “மேனு பிள்ளை, இன்னும் கொஞ்சம் சோறு கொண்டா.”

இத்தனை வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. எழும்பிப் போய்ப் போட்டேன்.