ஒன்பது ஸ்க்ரூ

தம்பி அக்காவின் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினான். அது திறப்பதற்குள் ஒரு குளியலே போட்டுவிடலாம் என்று அவள் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அதை வேகமாகத் திறக்கவைக்கும் புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்குமுன் உள்ளே எந்த வகை பொருந்தும் என்று பார்க்க வேண்டுமாம்.

"முனையில ஒரு வெட்டு உள்ளதுதான் இதுல சேரும். ரெண்டு வெட்டு உள்ளதை வாங்கிட்டு வந்து முழிக்காதக்கா."

திரும்ப மூடும்போது ஒரு ஸ்க்ரூ உருண்டு எங்கோ போய்விட்டது.

"பத்துல ஒண்ணு காணோம்டா!"

"ஒன்பதுலயே ஓடும். உன் மண்டையும் அப்படித்தானே ஓடுது?"

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி அவன் இறந்துபோனான்.

இரண்டு மாதம் கழித்து அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். அழுகை வரவில்லை. பசியும் தூக்கமும்கூட வேறு யாருக்கோ வருவதுபோலத்தான் வந்துகொண்டிருந்தன. கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைத்தார்.

"ஒரு வெட்டு உள்ளதுதான் இதுல சேரும்," என்றாள். குரல் பிசிறவில்லை.

"அடேயப்பா, கரைச்சுக் குடிச்சிருக்கீங்களே!"

பழையதில் இருந்ததையெல்லாம் அவர் புதியதற்கு மாற்றிக் கொடுத்தார். லேப்டாப் கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது.

"ஒரு ஸ்க்ரூ குறையுதும்மா. எங்கிட்ட இருக்கு, போட்டுடறேன்."

"வேணாம்ணே."

"உள்ள தூசி போகுமே?"

"ஒன்பதுலயே ஓடும்ணே."

வீட்டுக்கு வந்து அதே மேஜையில் கவிழ்த்துப் பார்த்தாள். இடப்பக்க மூலைத் துளை காலியாகவே இருந்தது.