ஆன மாதிரி

சுமலதாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்கு மேலே எழும் பாலத்தின் திட்டப் பொறியாளர் அவள். நாளைக் காலை கொஞ்ச நேரம் ரயில்களை நிறுத்தித் தருவதாகப் பேச்சு. அதற்குள் கர்டர் என்னும் இரும்பு உத்திரத்தைத் தூக்கித் தூண்கள்மேல் வைத்துவிட வேண்டும். தவறவிட்டால் மழைக்காலம் தாண்டித்தான் அடுத்த வாய்ப்பு.

ஆபீஸ் சுவரில் அவள் ஒட்டிய அட்டவணையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. மற்ற வேலைகள் முன்னே பின்னே போகலாம். அந்தக் கோட்டில் ஒன்று சறுக்கினால் பாலமே சறுக்கும். கோட்டிலிருந்த கட்டங்களுக்கெல்லாம் பச்சை அடித்தாயிற்று. ஆனாலும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஏணியைப் பிடித்து இரண்டாம் தூணில் ஏறினாள்.

கர்டர் உட்கார வேண்டிய மேடையைச் சுற்றி இன்னும் பலகை. மேலே ஈரச் சாக்கு. கான்கிரீட் இன்னும் இறுகவில்லை.

"தேசப்பண்ணா, இது எப்ப போட்டது?"

மேஸ்திரி தேசப்பன் கீழே நின்று தலையைச் சொறிந்தார். "முந்தாநேத்து மேடம். கலவ வண்டி வர்ல, இன்னா பண்றது."

"போன வாரமே ஆச்சுன்னீங்களே."

"ஆன மாதிரிதான்னு சொன்னேன். நீங்க 'ஆன'வ மட்டும் எட்த்துக்கினு 'மாதிரி'ய உட்டுட்டீங்க."

"கிரேன் கெளம்பிடுச்சு அண்ணா."

"வரட்டும். கர்டர் ஒக்காந்துக்கும்."

"ஒக்காந்துக்குமா? ஒக்காந்துக்கற மாதிரியா?"

ஒரு சரக்கு ரயில் வந்தது. கடைசிப் பெட்டி கடந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாதிரிதான்" என்றார்.

போன் அடித்தது. மேலாளர் சந்திரமோகன். "என்ன சுமலதா, ரெடிதானே? மேலிடத்துல சொல்லிட்டேன்."

ரெடி மாதிரிதான் சார் என்று நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினாள். "ஆகல சார். நாளைக்கு ரயில நிறுத்த வேணாம்னு சொல்லிடுங்க."

"வெளையாடறியா? பச்சை அடிச்சது நீதானே."

"நான்தான். ஏறிப் பாக்காம அடிச்சேன்."

"உன் பேர்லதான் ரிப்போர்ட் போகும்."

"போகட்டும் சார்."

ஆபீசுக்கு வந்து இரண்டாம் தூணுக்கான பச்சையின்மேல் சிவப்பு அடித்தாள். நிறம் கட்டத்தைத் தாண்டியது. தேசப்பன் வாசலில் நின்றார்.

"எம்மேல கோவமா மேடம்?"

"இல்ல."

"இல்லியா, இல்லாத மாதிரியா?"

சுமலதா ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். "ஏணிய மூணாவது தூணுக்குத் தூக்குங்க."

"அது ஆயிடிச்சு மேடம்..." என்று தொடங்கியவர், அப்படியே நிறுத்தினார். "சரி, வாங்க. ஏறியே பாத்துடலாம்."