ஆறுக்கு ஒன்று

அன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தவர்கள்: பள்ளியின் தாளாளர் பஞ்சநதம், எங்கள் ஊர் நிலத்தில் பாதி அவருடையது. தலைமையாசிரியர், தன் நாற்காலியைத் தாளாளருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். தமிழாசிரியர் வைரக்கண்ணு. மைக்செட் வாடகைக்கு விடும் சேக் தாவூது. அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பு மாணவன் சாமிதுரை, அதாவது நான். என் அம்மா ரெங்கம்மாள் வாசற்படிக்கு வெளியே நின்றது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அப்பா காத்தான் வர வழியில்லை. முந்தின நாள் சாயங்காலமே போலீஸ் லாரி அவரையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எல்லாம் ஒரு பாடத்தில் ஆரம்பித்தது. வைரக்கண்ணு அய்யா எங்களுக்குப் பேச்சுகளைப் பாடமாக நடத்தினார். பாடப்புத்தகத்தில் அது கிடையாது. வேதாரண்யத்தில் உப்பெடுக்க ஆள் சேர்த்தவர்கள் எப்படிப் பேசினார்கள், வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க எப்படிப் பேசினான் என்று கரும்பலகையில் வரிவரியாகப் பிரித்துப் போடுவார். கடைசியில் மன்னார்குடிப் பேச்சுக்கு வந்தார்.

அந்தப் பேச்சு தெரியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. இப்போது அமைச்சராக இருப்பவர், ஆட்சிக்கு வருவதற்கு முன்னால் மன்னார்குடித் தேர்தல் கூட்டத்தில் பேசியது. இசைத்தட்டாக வந்தது. கல்யாண வீடுகளில் நாதஸ்வரம் ஓய்ந்ததும் அதைத்தான் போடுவார்கள். "நட்டவன் வயிறு புஞ்சையாய்க் காய்கிறது, நாற்காலிக்காரன் பத்தாயம் நிரம்பி வழிகிறது. நாங்கள் வந்தால் இந்த அறுவடை முதல் ஆறுக்கு ஒன்று! அறுத்தவன் கேட்க வேண்டாம், அளந்து வாங்கட்டும்!" என்று முடியும். அப்போது ஒன்பது மூட்டை அறுத்து அடித்தால் ஒரு மூட்டை கூலி. ஆட்சி வந்து நாலு வருஷமாகியும் ஒன்பதுக்கு ஒன்றுதான்.

"பேச்சு உண்மையா பொய்யான்னு பார்க்காதீங்க. அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க" என்பார் அய்யா. "மூணே படிதான். முதல்ல கேக்கிறவனத் தூக்கி வை. அடுத்து அவன் வயித்துல பயத்தைக் கரை. கடைசியா ஒரே ஒரு கதவைத் திறந்து காட்டு. அவனே ஓடி நுழைஞ்சுடுவான்."

எனக்கு அந்தக் குரல் நன்றாக வரும். தொண்டையை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் இழுத்து, "உடன்பிறப்பே" என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்துவேன். வகுப்பே கைதட்டும். பக்கத்து பெஞ்சு ஜெக்கரியா எழுந்து கும்பிடுவான். "மாண்புமிகு சாமிதுரை அவர்களே, எங்கிட்ட வாங்கின பேனாவை எந்தத் திட்டத்துல திருப்பித் தருவீங்க?"

புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்க அந்த அமைச்சரே வருவதாக இருந்தது. அவர் முன்னால் அவர் பேச்சை, அவர் குரலில் நான் பேச வேண்டும் என்று அய்யா ஏற்பாடு செய்தார். தாளாளர் சம்மதித்தார். அவர் ஆளுங்கட்சியில் சேர்ந்து இரண்டு வருஷம். அமைச்சருக்கு எது சந்தோஷமோ அது அவருக்கும் சந்தோஷம். இசைத்தட்டில் என்ன இருக்கிறது என்பதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் பாட்டு மாதிரிக் கேட்டிருப்பார்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் சேக் தாவூது தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி இரண்டைக் கட்டினார். ஒன்று ரோட்டைப் பார்த்து, மற்றொன்று வயலைப் பார்த்து. "அலோ, ஒன், டூ" என்று நான் ஆரம்பித்தேன்.

"இதுக்கா காசு குடுத்து மைக்செட்டு? தம்பி, நாளைக்குப் பேசப்போறதை முழுசாப் பேசிப் பாரு. குழாய் எங்க கரகரங்குதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார் அவர்.

பேசினேன். முழுவதும் பேசினேன்.

வயலில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கூலி ஒப்பந்தம் கையெழுத்தானால் தாசில்தார் ஆட்கள் காரில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொல்லிப் போவார்கள். கடுதாசி படித்து யாரும் கூலி தெரிந்துகொண்டதில்லை. மைக்கில் வந்தால் அது சட்டம். அமைச்சர் வருகிறார் என்றும் ஊருக்கே தெரியும், ஆனால் இன்றைக்கா நாளைக்கா என்று வயலில் நின்றவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவர் குரல் கேட்டது. இந்த அறுவடை முதல் ஆறுக்கு ஒன்று என்றது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோரும் வரப்பேறினார்கள். முன்னால் போனது என் அப்பா. பெற்ற பிள்ளையின் குரல் என்று அவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறேன்.

தாளாளரின் களத்துக்குப் போய், அமைச்சர் சொல்லிவிட்டார், ஆறுக்கு ஒன்று அளந்து போடுங்கள் என்று கேட்டார்கள். கணக்குப்பிள்ளை முதலில் சிரித்தார். அப்பா நெல் அளக்கும் மரக்காலில் கைவைத்ததும் சிரிப்பு நின்றுபோனது. வெளியூரிலிருந்து கூட்டி வந்து வைத்திருந்த அடியாட்கள் கம்பெடுத்தார்கள். மத்தியானத்துக்குள் போலீஸ் வந்தது. யாரோ தந்தி கொடுத்து அமைச்சரின் வருகையும் நின்றுபோனது.

மறுநாள் தலைமையாசிரியர் அறையில், தாளாளர் மேஜையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்.

"எழுதுடா. அந்த ஆறுக்கு ஒண்ணுங்கிற வரி பேச்சுலயே கிடையாது. செங்கொடிக்காரனுவ சொல்லி, உன் அப்பன் உன்னைப் பேசவெச்சான். அவ்வளவுதான்."

"பேச்சுல இருக்குங்க அய்யா. தட்டுலயே இருக்கு."

தாளாளர் வைரக்கண்ணு அய்யாவைப் பார்த்தார். "என்ன புலவரே, இருக்கா?"

அய்யா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அமைச்சரின் கட்சி மேடைகளில் ராப்பகலாகப் பேசித் தொண்டை கெட்டவர் அவர். வேலை கிடைத்தது இந்தப் பள்ளியில்தான். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "நான் கத்துக்கொடுத்ததுல அந்த வரி இல்லீங்க" என்றார்.

"சேக் தாவூது, நீதானேய்யா ஊரெல்லாம் அந்தத் தட்டைப் போடுறவன். சொல்லு."

"அதெல்லாம் இருக்குங்களே. உங்க மக சின்னம்மா கல்யாணத்துல கூடப் போட்டேன், சம்பந்தி வீட்ல இன்னொரு தடவை போடச் சொல்லி..." தாளாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்தினார். "ஆனா தட்டு தேஞ்சு போச்சுங்க. அந்த எடத்துல முள்ளு தாண்டிடும்."

நான் சிரித்துவிட்டேன். தலைமையாசிரியர் என் பிடரியில் ஒன்று வைத்தார்.

அய்யா என் தோளில் கைபோட்டு ஜன்னலோரம் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாமிதுரை, இந்தப் பள்ளிக்கூடத்துல உன்ன மாதிரி மூளை இன்னொருத்தனுக்குக் கிடையாதுடா. உங்க தெருவுலேருந்து பதினோராவது வரைக்கும் வந்த மொத ஆளு நீ."

நான் மேஜையில் இருந்த வெள்ளைத்தாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"மார்ச்சுல பரீட்சை. ஹால் டிக்கெட்டு தலைமையாசிரியர் கையில. அது இல்லேன்னா நாளைக்கே இடுப்புல அரிவாளச் செருகிக்கிட்டு நீயும் அந்தக் களத்துலதான் போய் நிக்கணும். உன் பிள்ளையும் நிப்பான்."

வயிற்றில் கரைந்தது. பாடம் தெரிந்திருந்தும் கரைந்தது.

"ஒரு கையெழுத்து. இந்த ரூமை விட்டு வெளிய போனதும் எல்லாத்தையும் மறந்துடலாம்."

"மூணு படியும் முடிஞ்சுதுங்களா அய்யா?" என்றேன்.

அவர் கை தோளிலிருந்து விழுந்தது. முகம் கறுத்துப்போனது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

அவர் சொல்லிக்கொடுத்ததை நானும் முயன்று பார்த்தேன். தாளாளர் பக்கம் திரும்பி, நிலம் கொடுத்துப் பள்ளிக்கூடம் கட்டியவர் நீங்கள், உங்களால்தான் எங்கள் தெருவில் எழுத்து நுழைந்தது என்று ஆரம்பித்தேன். குரல் சரியாகத்தான் வந்தது. அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து பாக்கைத் தேடினார்.

"நல்லாப் பேசுறான்யா" என்றார் தலைமையாசிரியரிடம். "பேசி முடிச்சதும் கையெழுத்து வாங்கிக்குங்க."

அங்கேதான் புரிந்தது. பேச்சு, தேவை இருக்கிறவனிடம்தான் வேலை செய்யும். அமைச்சருக்கு அப்போது எங்கள் ஓட்டு தேவைப்பட்டது, அப்பாவுக்கு நெல் தேவைப்பட்டது. தாளாளருக்கு என்னிடம் எந்தத் தேவையும் இல்லை. இதை அய்யா கரும்பலகையில் எழுதவே இல்லை.

வெளியிலிருந்து அம்மா சொன்னது: "எழுதிக் குடுத்துடு சாமி. உங்கப்பாரு எப்படியும் உள்ளதான் கெடக்காரு. நீயாச்சும் படி."

"நான் எழுதுனா அவரு உள்ளயே கெடப்பாரும்மா. சதின்னு கேசு போடுவாங்க."

"நீ எழுதாட்டி மட்டும் விட்டுடுவாங்களா?"

வீரமெல்லாம் ஒன்றும் கிடையாது. அப்பாவைக் கட்டுகிற கயிறு என் கையெழுத்தாக இருக்க வேண்டாம், அவ்வளவுதான். பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

தாளாளர் கோபப்படவில்லை. தாளை அப்படியே வைரக்கண்ணு அய்யா பக்கம் நகர்த்தினார். "பையன் எழுத வேணாம். நீங்க எழுதுங்க புலவரே. பையன் உங்கக்கிட்ட ஒப்புக்கிட்டான்னு. உங்க எழுத்துக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி."

அய்யா நின்றார். பிறகு உட்கார்ந்தார். நான் வைத்த பேனாவை எடுத்துத்தான் எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது, எப்போதும் போல. என் பேர் போட்ட ஹால் டிக்கெட் வராது என்று தலைமையாசிரியர் சொன்னபோது, அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி மாதிரி இருந்தது.

"கூட்டிப்போய் வெளிய விட்டுட்டு வாங்க" என்றார் தாளாளர். "மத்த பசங்களோட பேசவிடாதீங்க."

அய்யா எனக்கு முன்னால் நடந்தார். வகுப்பறைகளில் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜெக்கரியா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான், கும்பிடவில்லை. வாசலுக்கு வந்ததும் அய்யா அம்மாவிடம், "பையனைத் தஞ்சாவூர்ப் பக்கம் எங்கயாவது சேர்த்துப் பாருங்க, நான் ஒரு ஆளுக்குச் சொல்றேன்" என்றார்.

"நீங்க சொன்னவரைக்கும் போதுங்கய்யா" என்றது அம்மா.

நாங்கள் வெளியே இறங்கினோம். பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் அவரே இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே சாவி திரும்பியது.