டிரேவர் வீட்டு ரிவால்வர்

சாமிநாதனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்த செய்தி பரவியதும் ஒக்கலிபுரத்தில் அவர் தெருவே கொஞ்சம் பணிவாகிவிட்டது. அவர் வீட்டு கேட்டை மறித்து நிறுத்தப்படும் ஸ்கூட்டர்கள் தாமாகவே தள்ளிப்போயின. நீர்ப்பாசனத் துறையில் ஓய்வுபெற்ற மனிதர். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த நாளிலிருந்து ஸ்டேஷனுக்கும் கமிஷனர் ஆபீசுக்கும் நடையாய் நடந்து வாங்கிய லைசென்ஸ் அது. மாதக் கடைசிக்குள் துப்பாக்கி வாங்காவிட்டால் லைசென்ஸ் செல்லாது. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. அந்தச் சமயத்தில்தான் விவேக் நகரில் டிரேவர் என்பவர் தன்னுடைய பழைய ரிவால்வரை விற்கப்போவதாகத் தெரிந்தது.

மனைவி ரமாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. வாங்குவதைக் கெடுத்துவிட வேண்டும் என்றே கூடக் கிளம்பினாள்.

டிரேவர் எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. பீரோவிலிருந்து துணி சுற்றிய ரிவால்வரை எடுத்து, குண்டு போடும் உருளையைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று இருவருக்கும் காட்டினார். முப்பது வருடத்தில் அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லையாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் விதிப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும், முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்குவதும்தான் அதனால் அவருக்குக் கிடைத்த வேலை.

"பார்லிமெண்ட், அசெம்பிளி, கார்ப்பரேஷன் எல்லாம் பாத்துடுச்சு சார். என்னைவிட அதுக்குத்தான் பாலிடிக்ஸ் தெரியும்."

சாமிநாதன் கையில் வாங்கினார். நினைத்ததைவிடக் கனமாகவும் சில்லென்றும் இருந்தது. எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் நீட்டினால் அங்கே மாதா படம். ஜன்னல் பக்கம் நீட்டினால் எதிர்வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கடைசியில் தரையைப் பார்த்து விசையை இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு விரலால் இழுத்தார். அப்போதும் பிடிவாதமாக இருந்தது. அதை உடம்பிலிருந்து தள்ளியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க குடுங்க," என்றாள் ரமா.

கைக்கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவள் அவள். மொபைல் டார்ச்சை அடித்துக் குழலுக்குள் பார்த்தாள். பிறகு காதருகே வைத்துக்கொண்டு, பின்னாலிருந்த சுத்தியலைக் கட்டை விரலால் மெல்ல மெல்ல ஆறு தடவை இழுத்து விட்டாள்.

நாலாவது அறை நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுகிறது என்றாள்.

சாமிநாதனுக்கு உயிர் வந்தது. பழுதான பொருளை எப்படி வாங்குவது, கிளம்பலாம் என்று எழுந்தே விட்டார்.

"என்னங்க பெரிய பழுது? உள்ள ஒரு பல்லு தேஞ்சிருக்கும். மாத்திட்டா போச்சு," என்றாள் ரமா. "எவ்ளோ நுணுக்கமா செஞ்சிருக்கான் பாருங்க." சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கவும் செய்தாள். ரிடையர் ஆன பிறகு அவள் முகத்தில் அப்படியொரு களையை அவர் பார்த்ததில்லை.

சாமிநாதன் திரும்ப உட்கார்ந்தார். இனிச் சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"ரமா, எனக்குப் பயமா இருக்கு."

டிரேவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும்தான் சார். முப்பது வருஷமா அந்த பீரோ இருக்கிற ரூம்ல நான் படுக்கிறதே இல்ல."

டிரேவர் காபி போட்டு வந்தார். லைசென்ஸ் போனால் போகட்டும் என்றார் சாமிநாதன். குடித்து முடிப்பதற்குள் டிரேவர், கிடைத்த விலைக்குத் துப்பாக்கிக் கடையிலேயே கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார். துணைக்கு இருவரையும் அழைத்தார். மூவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள்.

கடை மெக்கானிக்கிடம் அதைப் பிரித்துக் காட்டச் சொன்னாள் ரமா. முதலில் தயங்கியவர், நாலாவது அறை விஷயத்தைக் கேட்டதும் பிரித்தார். பல் தேய்ந்துதான் இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லென்ஸ் கேட்டாள்.

காத்திருந்து அலுத்த ஆண்கள் இருவரும் எதிர் ஹோட்டலுக்குப் போய்க் காராபாத் என்ற கார உப்புமா சாப்பிட்டார்கள். சாமிநாதன் இரண்டு தட்டு சாப்பிட்டார், அவ்வளவு பசித்தது. கை கழுவிவிட்டு வந்து துப்பாக்கிக் கடையின் கண்ணாடி வழியே பார்த்தபோது, மெக்கானிக் இன்னொரு ரிவால்வரை ரமாவின் முன் வைத்துவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.